பாம்புக்கடி ஆய்வு: சீக்கிரம் வந்தவர்களே அதிகம் இறந்ததாகத் தரவு காட்டினால் என்ன செய்வது?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் சமூக மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டெல்டா மாவட்டங்களில் பாம்பு கடித்தவர்கள் மருத்துவமனைக்கு வந்துசேரும் நேரத்துக்கும் அவர்களுக்கு நேரும் முடிவுக்கும் உள்ள தொடர்பே என் ஆய்வேட்டின் பொருள். அரசு மருத்துவமனை ஒன்றின் பதிவறையிலிருந்து கேஸ் ஷீட்டுகளை எடுத்து, கடிபட்ட நேரம் முதல் சேர்க்கை நேரம் வரையிலான இடைவெளியைக் கணக்கிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வந்தவர்களையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகி வந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தாமதமாக வந்தவர்களுக்கே கேடு அதிகம் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் டயாலிசிஸ், வென்டிலேட்டர், இறப்பு ஆகிய மூன்றுமே சீக்கிரம் வந்தவர்களிடம் கூடுதலாக இருக்கின்றன. வயதையும் பாலினத்தையும் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த முடிவு மாறவில்லை.

சேர்க்கையின்போது நோய் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதையும் புள்ளியியல் மாதிரியில் (model) சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் என் வழிகாட்டி. அது சரியான வழிதானா? தீவிரத்தை எதைக் கொண்டு அளப்பது? பல தாள்களில் கடிபட்ட நேரம் 'விடியற்காலை' என்றுதான் இருக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. அவற்றை ஒதுக்கிவிடலாமா? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கிய பிறகு இத்தகைய தரவு நிறைய சேரப்போகிறது. அதைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் இதே முடிவு வருமானால், தாமதம் ஒரு பொருட்டே அல்ல என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்ற கவலையிலும்தான் கேட்கிறேன்.

பதில்: அரசலாறு

வெண்ணாற்றங்கரை அவர்களுக்கு வணக்கம். நான் தாலுகா மருத்துவமனையில் பணியாற்றும் பொது மருத்துவர். உங்கள் தரவில் வியப்புக்குரியது எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஓடி வருகிறவர் யார் என்று பாருங்கள். கால் வீங்கி, வாந்தி எடுத்து, ஈறில் இரத்தம் கசிந்து, கூட வந்தவர்கள் பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு வரும் நோயாளி அவர். ஆறு மணி நேரம் கழித்து வருகிறவர்களில் பெரும்பாலோர், காலையில் வரப்பில் ஏதோ கடித்தது, என்னவென்று பார்க்கவில்லை, நாற்று நடவை முடித்துவிட்டு வந்தேன், எதற்கும் ஓர் ஊசி போட்டுவிடுங்கள் என்று நடந்தே வருகிறவர்கள். அவர்களைக் கடித்தது தண்ணீர்ப் பாம்பாகவோ சாரையாகவோ இருக்கலாம். விஷப்பாம்பே கடித்திருந்தாலும் விஷம் இறங்காமல் போயிருக்கலாம். இவர்களையும் நாங்கள் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறோம் என்பதால், உங்கள் கணக்கில் இவர்களும் பாம்புக்கடி உள்நோயாளிகளாகவே வந்துவிடுகிறார்கள்.

ஆகவே விஷம் ஏறியதற்கான அடையாளம் உள்ளவர்களை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். பாம்பின் பெயரை நம்பி இதைச் செய்ய வேண்டாம். உறவினர் சொல்லும் பெயர் பலமுறை தவறாகவே இருக்கும். அடித்துக் கொன்ற பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாலும் எல்லா மருத்துவராலும் இனம் காண முடிவதில்லை. குறிகளைக் கொண்டு பிரியுங்கள். இரத்தம் உறையாமை, வீக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்ணாடி விரியனைச் சுட்டும். வீக்கத்தோடு இமை தொங்கினால் நல்ல பாம்பு. கடிவாயில் வீக்கமோ வலியோ அதிகம் இல்லாமல் இமை தொங்கினால் கட்டுவிரியன். நம் வயற்பகுதியில் வரும் நோயாளிகளில் பெரும்பகுதியை இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம்.

இரத்தம் உறையாமையைக் காட்டும் 20 நிமிடச் சோதனையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரவுப் பணியில் கண்ணாடிக் குழாய் இல்லையென்று பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயிலோ எடுத்துவிட்டால், நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும். எட்டு நிமிடத்தில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு உறையவில்லை என்று எழுதிய தாள்களும் உண்டு. ஒரே மருத்துவமனையில்கூட வார்டுக்கு வார்டு வேறுபடும் இந்தப் பழக்கத்தை விசாரித்துக்கொண்டு, பிறகு அந்தப் பதிவைப் பயன்படுத்துங்கள்.

செலுத்திய ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) குப்பிகளின் எண்ணிக்கையைத் தீவிரத்தின் அளவாகக் கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை என்பதால், முதல் தவணை பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒன்றே. வழக்கமாக 8 முதல் 10 குப்பி. உறைதல் காரணிகளைக் கல்லீரல் மீண்டும் உருவாக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அதன் பிறகும் உறையாவிட்டால்தான் அடுத்த தவணை. நடைமுறையில் இருப்பில் எவ்வளவு இருக்கிறது, பணியில் இருப்பவர் யார் என்பவற்றைப் பொறுத்தும் இந்த எண்ணிக்கை மாறிவிடுகிறது.

பதில்: குடமுருட்டி

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். ஆராய்ச்சி முறைகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் உங்கள் கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதைப் பற்றிச் சொல்ல முடியும்.

நீங்கள் சேர்க்கை நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். நோயாளிக்கு அந்த நேரத்தால் பயன் ஏதும் இல்லை, முதல் ஏ.எஸ்.வி. உடம்பில் இறங்கிய நேரம்தான் அவருக்குக் கணக்கு. எங்கள் நிலையத்தில் முதல் தவணையைப் போட்டு 108-இல் ஏற்றி அனுப்பிய நோயாளி, பெரிய மருத்துவமனையின் தாளில் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தவர் என்றே பதிவாவார். உண்மையில் அவருக்கு முக்கால் மணி நேரத்தில் மருந்து கிடைத்திருக்கும். இதற்கு நேர்மாறாக, வாசலிலேயே பெரிய மருத்துவமனை இருந்து அரை மணியில் சேர்ந்துவிட்டவருக்கு, சோதனை, படுக்கை, மருத்துவர் வருகை என்று மருந்து ஏற இரண்டு மணி நேரம் ஆகியிருக்கலாம். பரிந்துரைக் கடிதம் கேஸ் ஷீட்டின் கடைசியில் பின் அடித்து இருக்கும். அது இல்லாவிட்டால் அனுப்பிய நிலையத்தின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரைப் பாருங்கள். கடிபட்ட நேரம், இடம், கூட வந்தவர் பெயர் எல்லாம் சூடு ஆறாமல் எழுதப்படுவது அங்கேதான்.

மருந்து இருந்தும் போடாமல் அனுப்பும் நிலையங்களும் இருக்கின்றன; அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏ.எஸ்.வி. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதால் ஒவ்வாமை வந்து இரத்த அழுத்தம் சரிந்துவிடுமோ என்ற அச்சம்தான் காரணம். தனி ஆளாக இரவுப் பணியில் இருப்பவரிடம், ஒவ்வாமைக்கு முறிவான அட்ரினலினை ஊசியில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணிந்து போடுங்கள் என்று வழிகாட்டுதல் சொல்வது எளிது. ஒருமுறையாவது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க அதைச் செய்து பார்த்தவர்கள்தான் பிறகு தயங்காமல் போடுகிறார்கள்.

'விடியற்காலை' என்று எழுதிய தாள்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களில் பலர் கட்டுவிரியன் கடித்தவர்களாக இருப்பார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் நடு இரவுக்குப் பிறகு வயிற்று வலி என்று எழுவார்கள், தொண்டை அடைக்கிறது என்பார்கள், கடித்த தழும்பைத் தேடினாலும் கிடைக்காது. வாயுத் தொல்லை என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, இமை தொங்கிய பிறகே வருவார்கள். நேரம் தெரியாதவர்களை நீக்கினால் உங்கள் ஆய்விலிருந்து ஒரு பாம்பையே நீக்கியதாகிவிடும்.

பதில்: கொள்ளிடம் வடகரை

நோய்ப்பரவலியல் கற்பிப்பவன் என்ற முறையில் சில கருத்துகளைச் சேர்க்கிறேன். குடமுருட்டி அவர்கள் தமக்குத் தகுதி இல்லை என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் வரையறுப்பதில்தான் இத்தகைய ஆய்வுகள் முதலில் இடறுகின்றன. நேரம் தெரியாதவர்களுக்கு, கடைசியாக நலமாக இருந்த நேரம், முதல் அறிகுறி தோன்றிய நேரம் என்ற இரண்டு எல்லைகளையும் பதிந்துகொண்டு, கடி இவற்றுக்கிடையே எப்போதோ நேர்ந்தது என்று கொள்ளும் பகுப்பாய்வு முறை இருக்கிறது. உறங்கப் போன நேரமும் விழித்த நேரமும் வீட்டாருக்கு நினைவிருக்கும்.

அரசலாறு அவர்களின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். விஷம் ஏறாதவர்களைப் பிரித்தாக வேண்டும். ஆனால் வந்தவுடன் காணும் குறிகளைக் கொண்டு பிரிப்பதிலும், வழிகாட்டி சொல்வதுபோல் சேர்க்கையின்போதைய தீவிரத்தை மாதிரியில் சேர்ப்பதிலும் ஒரே இடர் இருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்த ஒருவர் அரை மணியில் வந்தால் இரத்தம் உறையக்கூடும். அவரே ஐந்து மணி நேரம் கழித்து வந்தால் உறையாது, சிறுநீரும் குறைந்திருக்கும். அதாவது வந்துசேரும்போது இருக்கும் தீவிரத்தில் ஒரு பகுதி தாமதத்தின் விளைவே. அதைச் சமன்செய்துவிட்டால், நீங்கள் அளக்க வந்த கேட்டையே மாதிரியிலிருந்து வழித்தெடுத்துவிடுகிறீர்கள். சேர்க்காவிட்டாலோ இப்போது வந்திருக்கும் தலைகீழ் முடிவே நிற்கும். விஷம் ஏறியவர் யார் என்பதை முதல் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், சேர்க்கைக்குப் பிந்தைய 24 மணி நேரத்தில் எப்போதாவது குறி தோன்றியதா என்று பார்ப்பது ஓரளவு உதவும். தீவிரத்துக்கு, தாமதத்தால் மாறாதவற்றை எடுங்கள்: கடிவாய் காலிலா கையிலா, வயது, முன்பே சிறுநீரக நோயோ சர்க்கரையோ இருந்ததா என்பவை போல.

இன்னொரு வழி, கடிபட்ட ஊருக்கும் ஏ.எஸ்.வி. இருக்கும் அருகிலுள்ள நிலையத்துக்கும் இடையிலான சாலைத் தொலைவைக் கொண்டு ஒப்பிடுவது. பாம்பு எவ்வளவு விஷத்தை இறக்கியது என்பதற்கும் அந்த ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். ஆறும் வாய்க்காலும் குறுக்கே கிடக்கும் நம் பகுதியில், எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குப் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. தொலைவில் இருப்பவர்களில் இலேசான கடி பட்டவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். கடுமையான கடி பட்டவர் வழியிலேயே இறந்துவிடுவார். இருவருமே உங்கள் பதிவறைக்கு வரமாட்டார்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். இந்தியாவில் வீடுவீடாக விசாரித்து இறப்புக் காரணங்களைப் பதிந்த மில்லியன் மரண ஆய்வின் அடிப்படையில் 2011-இல் வெளியான கட்டுரை, 2005-ஆம் ஆண்டுக்குப் பாம்புக்கடி இறப்புகளை ஏறத்தாழ 46,000 என மதிப்பிட்டது. இது மருத்துவமனைகள் அரசுக்குக் கொடுத்த கணக்கைவிட முப்பது மடங்குக்கும் மேல். அந்த இறப்புகளில் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 2020-இல் வந்த அடுத்த மதிப்பீடு, 2000 முதல் 2019 வரை 12 லட்சம் இறப்புகள் என்றது. ஆகவே கேஸ் ஷீட்டை மட்டும் வைத்துத் தாமதத்தின் விலையைக் கணக்கிட முற்படுவது, அந்த விலையை முழுதாகக் கொடுத்தவர்களை விட்டுவிட்டுக் கணக்கிடுவதாகும்.

நம் ஊரில் அவர்களைத் தேட வழி இருக்கிறது. பாம்புக்கடி இறப்பு இயற்கைக்கு மாறான மரணம் என்பதால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். முன்பு அது குற்ற நடைமுறைச் சட்டப் பிரிவு 174. 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டத்தின் பிரிவு 194. பிரேதப் பரிசோதனைப் பட்டியல் ஒன்று, ஊராட்சிகளில் வி.ஏ.ஓ. வைத்திருக்கும் இறப்புப் பதிவேடு இன்னொன்று. மூன்றையும் ஒப்பிட்டு விடுபட்டவர்களை மதிப்பிடலாம். ஆனால் வழக்குப் பதிவானால்தான் பிரேதப் பரிசோதனை என்பதால் முதல் இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மறக்கக் கூடாது.

மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார் என்று முடியும் தாள்களையும் உயிர் பிழைத்தவர் கணக்கில் சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். இனி நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்து அழைத்துச் செல்வது நம் பக்கத்தில் வழக்கம்தானே. அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று விசாரித்தே தீர வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். மேலே சொன்ன 2011 கட்டுரை ஜூன் முதல் செப்டம்பர் வரை இறப்புகள் உச்சத்தில் இருப்பதாகக் கூறியது நாடு முழுமைக்கும் பொருந்தும். நமக்கு வடகிழக்குப் பருவமழை. குறுவை அறுவடை, சம்பா நடவு, தை மாத அறுவடை, அதன் பிறகு உளுந்து என்று வயலில் ஆள் இறங்கும் காலமே வேறு. ஆறு மாதத் தரவு போதும் என்று எண்ணாமல் ஓர் ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. சேர்க்கை நேரத்தை விட்டுவிட்டு, முதல் ஏ.எஸ்.வி. நேரத்தை எடுத்துக்கொள்கிறேன், அதற்காக ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரைப் பார்க்கத் துணை இயக்குநர் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். சேர்க்கையின்போதைய தீவிரத்தைப் பற்றிய பதிலை அப்படியே வழிகாட்டியிடம் காட்டப்போகிறேன். இறந்தவர்களின் வீட்டுக்குச் சென்று விசாரிப்பதற்கு நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளுமா, எப்போது போவது முறை?

குடமுருட்டி

குழுவைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். போவதென்றால் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன் போகாதீர்கள். அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள், நேரங்கள் மறந்துவிடும். அந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரை முன்கூட்டியே பார்த்துப் பேசி, அவரோடு போவது நல்லது. உதவித்தொகைக்காக வந்திருக்கிறீர்கள் என்று எண்ணிக் காவல் நிலையக் காகிதங்களை எடுத்து நீட்டுவார்கள். நீங்கள் அதற்காக வரவில்லை என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டு, ஆனால் விண்ணப்பம் எங்கே கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். கேள்விப் படிவத்தில், யார் வண்டி பிடித்தார், முதலில் எங்கே கொண்டுபோனார்கள், அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள் என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உடன் சென்றவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார், அவரையும் பாருங்கள்.