சித்தப்பாவுக்கு எந்தப் படம்?

குழு: சோழவந்தான் வீடு

பெரியப்பா: சனிக்கிழமை தம்பிக்குப் பதினாறாம் நாள். ஃபிளெக்ஸ் கடைக்காரர் இன்று மாலை ஆறு மணிக்குள் படமும் வாசகமும் கேட்கிறார். நான் எழுதியது: "குழந்தை உள்ளம் கொண்ட எங்கள் பாசமிகு சகோதரர். தோற்றம் 1971. கண்ணீர் அஞ்சலி." ஆதார் கார்டுக்கு எடுத்த படம் இருக்கிறது. வாயையும் கழுத்தையும் நேராக்கி, கோட் சூட் போட்டுத் தருகிறேன் என்கிறார்.

மதுரை அத்தை: கோட்டா?

தம்பி: சித்தப்பா கோட் போட்டதே இல்லையே

அம்மா: சட்டைப் பொத்தான் போடவே எனக்கு அரை மணி நேரம் ஆகும்

நான்: பெரியப்பா, "குழந்தை உள்ளம்" வேண்டாம். ஐம்பது வயது தாண்டிய மனிதர். காலையில் பேப்பரை அவர் முன்னால் விரித்துப் பிடித்தால், "ம்" என்று அவர் சொன்ன பிறகுதான் பக்கத்தைத் திருப்பலாம். நான் அவசரப்பட்டுத் திருப்பினால் முறைப்பார். திண்ணையில் நாற்காலியில் உட்கார்ந்து, தலை ஒரு பக்கம் சாய, வாய் கோணச் சிரிக்கிற படம் என்னிடம் இருக்கிறது. அதைப் போடலாம். அவர் சிரிப்பே அதுதான்.

பெரியப்பா: ஊரே பார்க்கிற பேனர். நம் வீட்டில் கல்யாணம் ஆகவேண்டிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். சக்கர நாற்காலி வேண்டாம்.

அப்பா: 1992-லும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணே

மதுரை அத்தை: இப்போது அது வேண்டாம், விடு

கோவை அண்ணன்: அப்பா, ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு இருந்தது பரம்பரையாக வந்தது இல்லை. அப்பத்தாவுக்கு ஓ நெகட்டிவ். 2009-ல் இடுப்பு ஆபரேஷனுக்கு ரத்தம் தேடி அலைந்தோமே, நினைவிருக்கிறதா? தாத்தாவுக்குப் பாசிட்டிவ். இப்படி அமைந்தால் முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிரசவத்தின்போது பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். தாயின் உடம்பு அதற்கு எதிர்ப்பை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். பின்னால் வருகிற பிள்ளையின் சிவப்பணுக்களை அது உடைக்கும். நாலாவதாகப் பிறந்த சித்தப்பாவுக்குப் பிறந்த அன்றே மஞ்சள் கண்டது அதனால்தான். அந்த மஞ்சள் அளவுமீறினால், கை கால் வாய் அசைவைக் கட்டுப்படுத்துகிற மூளைப் பகுதியில் போய்ப் படியும். அவருக்கு அங்கேதான் அடி விழுந்தது. அறிவில் ஒரு குறையும் இல்லை. இதைத் தடுக்கிற ஆன்டி-டி ஊசி வெளிநாட்டில் விற்பனைக்கு வந்ததே 1968-ல். 1971-ல் நம் வீட்டில் நடந்த பிரசவத்துக்கு அந்த ஊசியும் இல்லை, மஞ்சளை இறக்குகிற நீல விளக்கும் இல்லை.

தம்பி: எவ்வளவு பெரிய மெசேஜ் அண்ணா

சென்னை மாமா: நான் முழுதும் படித்தேன். சரிதான்

மதுரை அத்தை: எங்கள் அம்மாவுக்கு இது தெரியாமலே போய்விட்டது. கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் என்று கடைசிவரை சொல்லிச் சொல்லி அழுதாள்.

மதுரை அத்தை: சரி, ஆரம்பித்தாயிற்று, சொல்லிவிடுகிறேன். 1992-ல் என் கல்யாணத்தன்று அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனீர்கள். மறுவீட்டுக்கு வந்தபோது அவன் முன்னால் நின்று அழுதேன். அவன் எழுத்துப் பலகையைக் கேட்டு, தொட்டுக் காட்டினான். "தாலி கட்டும்போது மாப்பிள்ளை கை நடுங்கியதாமே. அப்போ எனக்குச் சொந்தம்தான்."

சென்னை மாமா: என் கை நடுங்கியது உண்மை

அப்பா: மாப்பிள்ளை, "வாங்கின கடன்" மறந்துபோச்சா?

கோவை அண்ணி: அது என்ன கதை? எனக்குத் தெரியாதே

நான்: அண்ணி, பலகை தெரியும்தானே? காலண்டர் அட்டையின் பின்பக்கம் தாத்தா எழுதியது. 247 எழுத்தும் கொள்ளாது என்று உயிர் 12, மெய் 18, ஆய்தம் மட்டும். இடது கை விரல்முட்டியால் தொடுவார். "பா" வேண்டுமென்றால் ப் தொட்டு, ஆ தொட வேண்டும். நடுவில் கை தானாக விலகி ஓடும். காத்திருந்து திரும்பக் கொண்டுவருவார். நமக்குத்தான் பொறுமை இருக்காது, பாதியிலேயே சொல்லை முடித்துவிடுவோம். ஒரு தீபாவளிக்கு மாமா உள்ளே வந்ததும் வ், ஆ, ங், க் தொட்டார். "மாப்பிள்ளையை வாங்க என்கிறான்" என்று அப்பத்தாவுக்கு ஒரே பெருமை. சித்தப்பா தலையை ஆட்டிவிட்டு இ, ன், அ தொட்டார். வாங்கின. அப்புறம் க், அ, ட், அ, ன்.

கோவை அண்ணி: அய்யோ

சென்னை மாமா: அந்தப் பணத்தை அடுத்த மாதமே கொடுத்துவிட்டேன்

பெரியப்பா: அடுத்த வருடம்

மதுரை அத்தை: அண்ணே!

தம்பி: எனக்கு வெள்ளி ராத்திரி டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட். யாராவது காரில் வருகிறீர்களா?

அப்பா: ஒரு வங்கியில் கணக்குத் திறக்கப் போனோம். அங்கிருந்தவர் அவனைப் பார்க்காமல் என்னிடம், "இவருக்குச் சொன்னால் புரியுமா?" என்றார். அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டான். நான் சத்தமாகப் படித்தேன். "மெதுவாகச் சொன்னால் உங்களுக்கும் புரியும்." கணக்கு அன்றைக்கே திறந்தார்கள்.

தம்பி: இதைப் பேனரில் போடுங்கள் பெரியப்பா

நான்: பலகை இப்போது எங்கே?

அம்மா: தலையணைக்கு அடியில் இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். க், ஆ, ப், இ நாலும் தேய்ந்தே போய்விட்டது

மதுரை அத்தை: காப்பி

அம்மா: மூன்று மணிக்கு இன்னமும் இரண்டு டம்ளர் கலந்துவிடுகிறேன். ஒன்றை ஆற்றி முடித்த பிறகுதான் நினைவு வருகிறது

பெரியப்பா: "குழந்தை உள்ளம்" எடுத்துவிட்டேன்.

நான்: படம்?

பெரியப்பா: இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். கோட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான்: வாயை நேராக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள் பெரியப்பா

சென்னை மாமா: சமையல்காரர் கேட்கிறார், பந்திக்கு எத்தனை பேர்?

அப்பா: 150

மதுரை அத்தை: 200 சொல்லுங்கள். திண்ணையில் அவனோடு பேச வந்து உட்கார்ந்தவர்களே நூறு பேர் இருப்பார்கள்

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

நான்: பெரியப்பா?

அம்மா: வடைக்கு உளுந்து எத்தனை படி ஊறப் போடுவது என்று யாராவது சொல்லுங்கள்