நோயாளி விவரத்தை ஆய்வுக்குக் கொடுக்கும்போது எங்கே சிக்குகிறது?

தரவுப் பொறியாளர்:
பெரும்பாலும் கோட்டை விடுவது அடையாள எண்ணில்தான். கைப்பேசி எண்ணை எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டால் ஹாஷாக, அதாவது நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாத எழுத்துக் கோவையாக மாற்றிவிட்டு, மறைத்தாயிற்று என்று கோப்பை அனுப்பிவிடுகிறார்கள். 10 இலக்க எண்கள் மொத்தமே ஆயிரம் கோடிதான். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட, நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்குச் சில நிமிடம் போதும். நியூயார்க் டாக்சிகளின் 2013ஆம் ஆண்டுப் பயண விவரம் வெளியானபோது உரிம எண்கள் எம்டி5 என்ற பழைய முறையின் வெறும் ஹாஷாக இருந்தன. அவை அப்படியே அவிழ்ந்துவிட்டன.

நோயாளிக்குத் தற்செயலான ஓர் எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற அட்டவணை வேறு சர்வரில், ஆய்வில் சேராத ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். 5 லட்சம் பேரின் உடல்நலத் தரவை வைத்திருக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்க், ஒரே ஆளுக்கு ஆய்வுக்கு ஆய்வு வேறு எண் தருகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு குழுக்கள் கோப்புகளை ஒட்டிப் பார்க்க வழியில்லை.

புள்ளியியலாளர்:
எண்ணைச் சரிசெய்தாலும் தேதி காட்டிக்கொடுத்துவிடும். மாசசூசெட்ஸ் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவு பெயர் இல்லாமல்தான் ஆய்வாளர்களுக்குப் போனது. கணினி ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி அதைக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு இந்த மூன்றை வைத்தே ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதனால் தேதிகளை நகர்த்த வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரே நகர்வு: சேர்க்கை, ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் எல்லாம் அதே நாட்கணக்கில் நகரணும். வரிக்கு வரி வேறு எண் போட்டால், சேரும் முன்பே டிஸ்சார்ஜ் ஆனவர்கள் வந்து நிற்பார்கள். நகர்வு 364 நாளின் (சரியாக 52 வாரம்) மடங்காக இருந்தால் கிழமை மாறாது, சில ஆண்டுகளுக்குப் பருவமும் பெரிதாக விலகாது. டெங்கு மாதிரி மழைக்கால நோய்க்கு இது ரொம்ப முக்கியம். 89 வயதைத் தாண்டியவர்களை '90+' என்று ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பாவின் விதியும் அதையே சொல்கிறது.

மருத்துவ ஆவணப் பிரிவு:
பெயரை நீக்கும் முன்பே இரட்டைப் பதிவுகளை இணைத்து முடியுங்கள். தமிழ்நாட்டுப் பதிவேட்டில் 'எஸ். முருகேசன்' அடுத்த வருகையில் 'முருகேசன் எஸ்' ஆகிவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு இன்ஷியலே மாறும். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்த வெளிநாட்டு மென்பொருளுக்கு இது புரியாது. இன்ஷியலைத் தனியாகப் பிரித்துவிட்டு பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, பின்கோடு வைத்து ஒப்பிடுங்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 போடும் வழக்கம் இருப்பதால், அந்தத் தேதி பொருந்துவதை ஆதாரமாக எடுக்காதீர்கள். சந்தேகமான ஜோடிகளை ஆள்தான் பார்க்கணும்; தப்பாகச் சேர்த்தால் ஒருவரின் சர்க்கரை நோய் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

கதிரியக்கப் பிரிவு:
ஸ்கேன் படக் கோப்பின் வடிவமான டைகாமில், நோயாளி விவரம் இருக்கும் ஹெட்டர் பகுதியில் பெயரை அழித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அந்தப் பட்டையைக் கறுப்பாக்கணும். தலை எம்ஆர்ஐ என்றால் முகப் பகுதியையும் நீக்குங்கள், அதிலிருந்து முகத்தை முப்பரிமாணத்தில் வரைந்துவிடலாம்.

தரவுப் பொறியாளர்:
கடைசியாக எக்செல். 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பின் 65,536 வரி எல்லையால் 15,841 கோவிட் தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறவில்லை. சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) அனுப்புங்கள். வரி எண்ணிக்கையையும், கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம்மையும் தனி மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றவர் இரண்டும் ஒத்துப்போவதாக எழுதிய பிறகே மூலக் கோப்பை மூடுங்கள்.