குதிரேமுக் சுரங்கம்: மூடியது நீதிமன்றமா, முடிந்துபோன குத்தகையா?

கூடலூர்க்காரன்:
எஃகு விலை பற்றிய திரியில் சேலம் சேகர் நேற்று இப்படி எழுதிவிட்டுப் போனார்: "லாபத்தில் ஓடிய குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தை, காட்டையே பார்க்காத நாலு பேர் வழக்குப் போட்டு இழுத்து மூடிவிட்டார்கள்." அதற்கு விருப்பக்குறி வேறு குவிந்திருக்கிறது. படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை, அதனால்தான் தனித் திரி.

கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற குதிரேமுக்கின் சுரங்கக் குத்தகை 1969 ஜூலையில் தேசிய கனிம வளர்ச்சிக் கழகத்துக்கு 30 வருடத்துக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு மத்திய அரசின் குதிரேமுக் நிறுவனத்துக்கு மாறியது. 1999 ஜூலையில் முடிந்துவிட்டது. அதன் பிறகு வெட்டியதெல்லாம் தற்காலிக அனுமதியில். நடுவே 1987-லேயே அந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்தாயிற்று. வாடகை ஒப்பந்தம் முடிந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு "துரத்துகிறார்கள்" என்று அழுதால் எப்படி? சுரங்கம் 1999-லேயே முடிந்த கதை.

சேலம் சேகர்:
1999-ல் முடிந்த கதை என்றால் 2005 டிசம்பர் 31 வரை அங்கே டம்பர் ஓட்டியது யார்? பேயா?

2002 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005 முடிவோடு நிறுத்து என்றது. நின்றது. இதில் என்ன குழப்பம்? குத்தகையைப் புதுப்பிக்க விண்ணப்பம் போயிருந்தது. இந்தியாவில் எந்தப் பெரிய சுரங்கத்தின் குத்தகை புதுப்பிக்கப்படவில்லை? வழக்கு மட்டும் இல்லையென்றால் அதுவும் நடந்திருக்கும். மலையில் கோடிக்கணக்கான டன் தாது இன்னும் அப்படியே கிடக்கிறது.

கூடலூர்க்காரன்:
"நடந்திருக்கும்" என்பதெல்லாம் வாதமா? குத்தகை முடிந்தது 1999. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள்.

அப்புறம், "காட்டையே பார்க்காத நாலு பேர்" என்றீர்களே, நீதிமன்றம் போனவர் கே.எம்.சின்னப்பா. குடகுக்காரர். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் வனச்சரக அதிகாரியாக வருடக்கணக்கில் வேட்டைக்காரர்களையும் மரக்கடத்தல்காரர்களையும் எதிர்த்து நின்றவர். அவருக்குக் காடு தெரியாது, எஃகு விலைத் திரியில் எழுதுகிற உங்களுக்குத் தெரியுமா?

இன்னொன்று. இந்தத் தீர்ப்பு வந்தது கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் கீழ். கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்காரர் அவர். 1995-ல் அவர் உச்ச நீதிமன்றம் போனது எங்கள் கூடலூர்க் காடுகளை வெட்டுவதை எதிர்த்து. நீலகிரியில் தொடங்கிய வழக்கு நாடு முழுக்க எத்தனை காட்டைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தால் எங்கள் ஊருக்குப் பெருமையாக இருக்கிறது. இதை யார் கேலி செய்தாலும் விடமாட்டேன்.

சுத்தியல்:
இரண்டு பேரும் குத்தகைக் காகிதத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த இடத்தில் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் என்று யாராவது பேசுங்களேன். நான் 25 வருடம் தாது அரைவை ஆலைகளில் இருந்தவன். குதிரேமுக் பெயரைக் கேட்டாலே எங்கள் தலைமுறைக்கு ஒரு மரியாதை.

தாதுவில் இரும்பு சுமார் 38 சதவீதம்தான். நேராக உலையில் போட முடியாது. வெட்டி, உடைத்து, மாவாக அரைத்து, காந்தத்தில் பிரித்து 67 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு தண்ணீரில் கலந்து குழம்பாக்கி, மலைத்தொடரைத் தாண்டி 67 கிலோமீட்டர் குழாயில் மங்களூர் பணம்பூர்த் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ரயில் கிடையாது, லாரி வரிசை கிடையாது. வருடத்துக்கு 75 லட்சம் டன் பிரித்த சரக்கு என்று திட்டமிட்ட ஆலை, மழை 6,000, 7,000 மில்லிமீட்டர் கொட்டுகிற இடத்தில். மலைக்கு மேலே பள்ளி, மருத்துவமனையோடு ஒரு ஊரையே கட்டினார்கள். 1976-ல் நிறுவனம் தொடங்கி 1980-ல் ஆலை தயார். இன்றைக்கு ஒரு மேம்பாலத்தைக்கூட நாலு வருடத்தில் முடிக்க முடியவில்லை.

கூடலூர்க்காரன்:
ஐயா, உங்கள் உழைப்புக்கு வணக்கம். ஆனால் கணக்கை முழுதாகச் சொல்லுங்கள். 75 லட்சம் டன் சரக்கு எடுக்க 2 கோடியே 26 லட்சம் டன் தாது வெட்ட வேண்டும் என்பதுதான் அதே திட்டத்தில் இருந்த கணக்கு. மீதி ஒன்றரைக் கோடி டன் வருடா வருடம் எங்கே போனது? லக்யா அணைக்குப் பின்னால் சகதியாகப் போனது. சுமார் 100 மீட்டர் உயர அணை, குடிதண்ணீருக்கும் இல்லை, பாசனத்துக்கும் இல்லை. சோலைக் காடும் புல்வெளியும் இருந்த பள்ளத்தாக்கு அதன் அடியில் கிடக்கிறது.

நீங்கள் சொன்ன அதே மழைதான் வெட்டிய மலையின் மண்ணைப் பத்ரா ஆற்றுக்குள் இறக்கியது. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் பிறக்கிற மலை அது. கீழே பத்ரா அணையை நம்பி எத்தனை விவசாயி இருக்கிறான்! அதிலும் 1999-க்குப் பிறகு இறங்கிய ஒவ்வொரு கூடை மண்ணும் குத்தகை இல்லாமல் வெட்டிய மண்.

சேலம் சேகர்:
மறுபடியும் 1999! வேறு வருடமே தெரியாதா? தற்காலிக அனுமதி கொடுத்தது யார்? அரசுதானே? அரசு கொடுத்த அனுமதியோடு வெட்டினால் அது எப்படித் திருட்டு?

கூடலூர்க்காரன்:
திருட்டு என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். எழுதாததை எழுதியதாகச் சொல்வது உங்களுக்குப் பழக்கம். காவிரித் திரியிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள்.

தாரிணி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சுத்தியல் அண்ணன் "கட்டினார்கள்" என்று பெருமையாகச் சொல்கிறார். யார் காசில் கட்டியது? ஈரான் மன்னர் ஷாவின் காசு. 1975 ஒப்பந்தப்படி 63 கோடி டாலர் கடன், பதிலுக்கு 21 வருடத்தில் 15 கோடி டன் சரக்கு. நம் எஃகு ஆலைக்காக வெட்டிய மலையே இல்லை. நாட்டு வளர்ச்சி என்று சேகர் முழங்குவதற்கு முன்னால் இதையும் சொல்லட்டும்.

சுத்தியல்:
தங்கச்சி, பாதிதான் சொல்கிறாய். 25 கோடியே 50 லட்சம் டாலர் வந்ததோடு ஈரான் கையை விரித்துவிட்டது. 1979-ல் ஷா போய்ப் புரட்சி வந்தது. மீதிப் பணத்தை இந்திய அரசு போட்டுத்தான் முடித்தது. வாங்க ஆள் இல்லாத நிலையில் ஆலை தயாராக நின்றது. அதற்காக மூட்டை கட்டவில்லை. மங்களூரில் 30 லட்சம் டன்னுக்கு மேல் திறனுள்ள பெல்லட் ஆலை கட்டி, பொடியை உருண்டையாக்கி வேறு நாடுகளுக்கு விற்றார்கள். ஈரான் காசில் கட்டியது என்று ஒரே வரியில் தள்ளிவிடாதே.

தாரிணி:
நான் சொன்ன எண் தப்பா அண்ணே? ஒப்பந்தம் ஈரானோடு, சரக்கும் ஈரானுக்கு. அவர்கள் வாங்காமல் போனது தனிக் கதை.

சேலம் சேகர்:
ஈரான் வாங்கினால் என்ன, ஜப்பான் வாங்கினால் என்ன? அந்நியச் செலாவணி வந்ததா இல்லையா? எழுபதுகளில் டாலருக்கு இந்தியா பட்ட பாடு தெரியாமல் பேசக் கூடாது. எங்கள் சேலத்தையே பாருங்கள். கஞ்சமலையில் இருப்பதும் குதிரேமுக் மாதிரிக் குறைந்த தரக் காந்தத் தாதுதான். அதை நம்பித்தான் எங்கள் அப்பா தலைமுறை உருக்காலை கேட்டுப் போராடியது. கிடைத்த ஆலை 1981-ல் வெளியூர்த் துருப்பிடிக்காத எஃகை வாங்கித் தகடாக உருட்டத்தான் தொடங்கியது. மலை அப்படியே நிற்கிறது, பிள்ளைகள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் பேசுகிறேன்.

கூடலூர்க்காரன்:
கஞ்சமலை நிற்பதில் உங்களுக்கு வருத்தம், எனக்கு நிம்மதி. திருவண்ணாமலைக்காரர்களிடம் போய்க் கவுத்திமலை, வேடியப்பன்மலையை இரும்புக்காக வெட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஊர் மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று சொல்வார்கள்.

ஆனால் திரியைக் கஞ்சமலைக்கு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. குத்தகை எப்போது முடிந்தது?

சேலம் சேகர்:
கூடலூரைப் பற்றி நீங்கள் பேசலாம், சேலத்தைப் பற்றி நான் பேசக் கூடாதா? நல்ல நியாயம்! முடிந்தது 1999, மூடியது 2005, நடுவில் நிற்பது 2002 தீர்ப்பு. தீர்ப்பைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க உங்களால் முடியவில்லை.

கூடலூர்க்காரன்:
"முடிந்தது 1999." எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், அவரே எழுதிவிட்டார்.

தீர்ப்பை அவர் முழுதாகப் படித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். நீதிமன்றம் ஒரே நாளில் பூட்டுப் போடவில்லை. ஏற்கெனவே தோண்டிய பகுதியில் மேலே உள்ள மக்கிய தாது தீரும் வரை, அல்லது 2005 முடியும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை வெட்டிக்கொள் என்றது. மூன்று வருடத்துக்கு மேல் அவகாசம்! குத்தகையே இல்லாதவருக்கு இதைவிட என்ன சலுகை வேண்டும்?

சுத்தியல்:
மக்கிய தாதுவுக்குக் கீழே கெட்டித் தாது இருக்கிறது தம்பி. அதைத் தொடவே விடவில்லை. "தீர்ந்துவிட்டது" என்று பாதிப்பேர் நம்புவது இதனால்தான். தாது தீரவில்லை.

சேலம் சேகர்:
இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்!

கூடலூர்க்காரன்:
தாது தீர்ந்தது என்று நானும் சொல்லவில்லை. குத்தகை தீர்ந்தது என்கிறேன். இதைப் பிரித்துப் பார்க்கக்கூட முடியாதவர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

பணம்பூர் பாஸ்கர்:
மங்களூரில் இருந்து எழுதுகிறேன். மேலே சுரங்கம் நின்றதும் இங்கே பெல்லட் ஆலையின் கதி என்ன ஆனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குழாயில் இறங்கி வந்த சரக்கு போய், சத்தீஸ்கர் பைலடிலாத் தாதுவை விசாகப்பட்டினம் வரை ரயிலிலும் அங்கிருந்து இந்தியாவையே சுற்றிக் கப்பலிலும் கொண்டுவந்தார்கள். அந்தச் செலவில் எந்த ஆலை தாங்கும்? சொந்தச் சுரங்கம் இல்லாத பெல்லட் ஆலை மூச்சுத் திணறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் குதிரேமுக் நிறுவனம் பெல்லாரிப் பக்கம் சண்டூரில் தேவதாரி மலையைக் கேட்கிறது. அதையாவது விடுங்கள்.

கூடலூர்க்காரன்:
தேவதாரியா? வாருங்கள், அதையும் பேசலாம். 470 ஹெக்டேர் காடு, கிட்டத்தட்ட 99,000 மரம். 2024 ஜூனில் மத்திய எஃகு அமைச்சர் குமாரசாமி அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டதும் கர்நாடக வனத்துறை நிலத்தைக் கொடுக்க மறுத்தது. குதிரேமுக்கில் செய்த சேதத்துக்கான பணத்தை முதலில் கட்டு என்றார் மாநில வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் காண்ட்ரே. பழைய பாக்கி தீராமல் புது மலையா?

பணம்பூர் பாஸ்கர்:
மாநிலத்தில் ஒரு கட்சி, மத்தியில் வேறு கட்சி. அந்தச் சண்டையைச் சூழல் அக்கறை என்று நம்புகிறீர்கள். இதே சண்டூரில் தனியார் சுரங்கங்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. அங்கே போய்க் கேளுங்கள். அரசு நிறுவனம் என்றால் மட்டும் எல்லாருக்கும் வீரம் வந்துவிடுகிறது.

கூடலூர்க்காரன்:
தனியார் வெட்டினாலும் எதிர்ப்பேன். 2011-ல் பெல்லாரிச் சுரங்கங்களை உச்ச நீதிமன்றம் நிறுத்தியபோது இதே தளத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், தேடிப் பாருங்கள். தேவதாரிக்குத் தனித் திரி தொடங்குகிறேன், அங்கே வாருங்கள். இங்கே பேச்சு குதிரேமுக். 1999.

சேலம் சேகர்:
2002.