இளையோர் உலகப் போட்டி: பெரிய அரங்கா, நிறைகிற அரங்கா?

நீலக்கோடு எழுதியது:

2027ஆம் ஆண்டின் உலக இளையோர் ஐஸ் ஹாக்கிப் போட்டி, கனடாவின் எட்மன்டனுக்கும் ரெட் டீருக்கும் வழங்கப்பட்டிருக்கிறது. இருபது வயதுக்கு உட்பட்ட வீரர்களைக் கொண்ட பத்து நாட்டு அணிகள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கிப் புத்தாண்டைத் தாண்டியும் ஆடுகிற போட்டி இது. சிறிய அரங்குள்ள ரெட் டீரைச் சேர்த்தது சரியான முடிவு. எட்மன்டனின் 18,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கைப் பற்றித்தான் எனக்குத் தயக்கம்.

காரணத்தைச் சொல்கிறேன். 2017 போட்டியில், நடப்பு வாகையரான பின்லாந்தை டென்மார்க் 3-2 என்று வீழ்த்திய ஆட்டத்தை மான்ட்ரியலில் நேரில் பார்த்தேன். டென்மார்க்கின் இளையோர் ஹாக்கியில் அதற்கு இணையான நாள் அரிது. ஆனால் 21,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கின் மேலடுக்குகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. முடிவு மணி ஒலித்ததும் அந்தப் பையன்கள் கோல்காப்பாளரைச் சூழ்ந்துகொண்டபோது, அவர்களுடைய ஸ்கேட்டுகள் பனியைக் கீறும் ஓசை நான் இருந்த வரிசைவரை தெளிவாகக் கேட்டது. பத்தொன்பது வயதில் வாழ்நாள் வெற்றியொன்றைப் பெற்றவர்களுக்கு நாம் கொடுத்த வரவேற்பு அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானது 2023. நோவோசிபிர்ஸ்க், ஓம்ஸ்க் ஆகிய ரஷ்ய நகரங்களிடமிருந்து போட்டி திரும்பப் பெறப்பட்டு, கனடாவின் ஹாலிஃபாக்ஸும் மாங்க்டனும் சில மாத அவகாசத்தில் அதை ஏற்று நடத்தின. பத்தாயிரம் பேர் அளவிலான அரங்குகள்தாம். ஆனால் அந்தப் பத்து நாள்களும் ஊருக்கு வேறு பேச்சே இருக்கவில்லை.

மேல்மாடம் எழுதியது:

நண்பர் நீலக்கோடு பார்த்த காலி இருக்கைகளை நான் மறுக்கவில்லை. அவற்றுக்கு நகரத்தின் அளவைக் காரணமாக்குவதைத்தான் மறுக்கிறேன். 2017இல் கனடா தன் குழுநிலை ஆட்டங்கள் அனைத்தையும் டொராண்டோவில் ஆடியது. மான்ட்ரியல் மக்களுக்குக் கிடைத்தவை ஸ்வீடன், பின்லாந்து, செக், சுவிட்சர்லாந்து, டென்மார்க் ஆகிய அணிகள். நுழைவுச்சீட்டு விலையோ, சொந்த அணி ஆடுகிற போட்டிக்கு வைக்கிற விலை. அதே இரு நகரங்களில் 2015இலும் போட்டி நடந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாண்டுகளுக்குள் அதே குடும்பம் மறுபடியும் அவ்வளவு பணத்தை எடுத்து வைக்குமா?

பெரிய அரங்கு நிறையாது என்பதற்கு ஒட்டாவாவே மறுமொழி. 2009இல் அங்கு நடந்த போட்டிக்கு மொத்தம் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் வந்தார்கள். ரஷ்யாவுக்கு எதிரான அரையிறுதியில், ஆட்டம் முடிய 5.4 நொடிகள் இருந்தபோது கனடாவின் ஜோர்டன் எபெர்லி சமன்செய்த கோலை நினைத்துப் பாருங்கள். அந்த ஆரவாரம் சிறிய அரங்கில் எழுந்திருக்காது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கனடாவில் நடக்கும்போது வரும் இலாபத்தின் ஒரு பகுதி மாகாணச் சங்கங்களுக்கும் இளையோர் லீகுகளுக்கும் போகிறது. எட்டு வயதுக் குழந்தை காலையில் பயிற்சிக்கு இறங்கும் பனித்தளத்தின் செலவுக்கு அது உதவுகிறது. பத்தாயிரம் இருக்கைகளில் கிடைக்கும் வரவையும் பதினெட்டாயிரத்தில் கிடைக்கும் வரவையும் ஒன்றாக எண்ண முடியாது. ஹாலிஃபாக்ஸ் நிரம்பியதில் கனடா அணியின் கானர் பெடார்டுக்கும் பங்கு உண்டு. ஏழு ஆட்டங்களில், அடித்த கோல்களும் மற்றவர் கோலடிக்க உதவியவையும் சேர்த்து 23 புள்ளிகள் எடுத்த வீரர் ஒவ்வோர் ஆண்டும் வரமாட்டார்.

பால்டிக்காற்று எழுதியது:

நீங்கள் இருவரும் கனடாவுக்குள்ளேயே சுற்றிவருகிறீர்கள். 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு போட்டிகள் வட அமெரிக்காவில் நடந்தன. 2025, 2026, 2027 என இப்போதும் தொடர்ந்து மூன்று. அங்கே மாலையில் தொடங்கும் ஆட்டம் ஐரோப்பாவில் நள்ளிரவைத் தாண்டிவிடுவதால், இங்குள்ள ஒரு சிறுவன் தன் நாட்டு அணியை விழித்திருந்து பார்க்க முடிவதில்லை.

குழுவைப் பொருத்தமான ஊரில் வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் செக் நாட்டில் நடந்த 2020 போட்டியைப் பாருங்கள். செக் அணியின் குழு ஆஸ்ட்ராவாவில் ஆடியது; ஸ்லோவாக்கியாவின் குழுவை, அந்நாட்டு எல்லைக்கு மிக அருகிலுள்ள டிரினெட்ஸில் வைத்தார்கள். ஐயாயிரம் சொச்சம் இருக்கைகள் கொண்ட அந்த அரங்குக்கு ஸ்லோவாக் ரசிகர்கள் காரில் வந்துபோக முடிந்தது. வரைபடத்தை எடுத்துவைத்து யோசித்தவர்களின் வேலை அது.

நீலக்கோடு எழுதியது:

விலையைப் பற்றி மேல்மாடம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் சொந்த அணியை மட்டுமே நம்பிப் பெரிய அரங்கை எடுப்பதில் உள்ள ஆபத்தை ஒட்டாவாவே 2025இல் காட்டிவிட்டது. காலிறுதியில் செக் அணியிடம் 4-3 என்று தோற்றுக் கனடா வெளியேறியது. அரையிறுதியும் இறுதியும் சொந்த அணி இல்லாமலே நடந்தன. அதனால்தான், எந்த அணி ஆடினாலும் வருகிற பார்வையாளர்கள் உள்ள ஊரைத் தேடுங்கள் என்கிறேன்.

ரெட் டீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 போட்டியை எட்மன்டனோடு சேர்ந்து நடத்தவிருந்த ஊர் அது. பெருந்தொற்றால் ஆட்டங்கள் அனைத்தும் பார்வையாளர் இன்றி எட்மன்டனுக்குள்ளேயே முடிந்தன. அடுத்த போட்டி ரெட் டீரிலும் தொடங்கி, 2021 டிசம்பர் 29 அன்று பாதியில் கைவிடப்பட்டது. 2022 ஆகஸ்டில் மறுபடி நடத்தியபோது எட்மன்டன் மட்டுமே. இரண்டு முறை ஆயத்தம் செய்து இரண்டு முறையும் இழந்த ஊருக்கு இது வந்துசேர்வதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

மேல்மாடம் எழுதியது:

அந்த மகிழ்ச்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். 2022 ஆகஸ்டில் எட்மன்டன் அரங்கு காலியாகக் கிடந்ததை மட்டும் அந்நகரத்துக்கு எதிரான சான்றாக யாரும் எடுத்துவர வேண்டாம். கோடை நடுவில், நாட்டின் ஹாக்கியை நிர்வகிக்கும் ஹாக்கி கனடா அமைப்பின்மீது மக்கள் கடும் கோபத்தில் இருந்த நேரத்தில் நடந்தது அது.

இறுதி ஆட்டம் எட்மன்டனில்தான் நடக்க வேண்டும் என்ற கருத்தில் மாற்றமில்லை. ஆனால் ரெட் டீர் அரங்கின் ஏறத்தாழ ஏழாயிரம் இருக்கைகளுக்கான சீட்டுகளை மொத்தத் தொகுப்பாக மட்டும் விற்காமல், ஒற்றை ஆட்டத்துக்கும் விற்க வேண்டும் என்று நீலக்கோடு கேட்டால் நானும் கையொப்பமிடுவேன். அங்கே ஆடப்போகும் குழுவைப் பார்க்க எட்மன்டனிலிருந்து வருபவர், டிசம்பர் இறுதியின் பனியில் 150 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டியாக வேண்டும். இரவு ஆட்டம் முடிந்தபின் இரு நகரங்களுக்கும் இடையே பேருந்து விடுவார்களா என்பதை ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேட்க வேண்டும்.