மையிடாத வீட்டில் ஒரு மைக்கொம்பு

அரிய பெயர் வைத்திருப்பவர்கள் தத்தம் அனுபவங்களைச் சொல்லி வருவதால் நானும் என்னுடையதைச் சொல்கிறேன். என் பெயர் கேரேனாப்புக். பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கும் ஆசிரியை எனக்கு முந்தைய பெயர்வரை வேகமாக வந்து சற்றே நிறுத்துவார். அவர் தடுமாறுவதற்குள் நானே "உள்ளேன் அம்மா" என்று எழுந்துவிடுவேன்.

வேதாகமத்தில், பெருந்துன்பங்களைச் சகித்த யோபுவுக்கு அவையெல்லாம் தீர்ந்தபின் பிறந்த மூன்று பெண்மக்களில் கடைசி மகளின் பெயர் இது (யோபு 42:14). அவனுக்கு ஏழு ஆண்மக்களும் பிறந்தார்கள் என்று கூறும் அதே அதிகாரம், அவர்களில் ஒருவரையும் பெயர் சொல்லாமல் பெண்களை மட்டும் பெயர் சொல்லி, சகோதரர் நடுவிலே அவர்களுக்கும் தகப்பன் சுதந்தரம் (சொத்துப் பங்கு) கொடுத்தான் என்று முடிக்கிறது. மகன் இல்லாத வீட்டில்தான் மகளுக்குச் சுதந்தரம் என்பது எண்ணாகமம் 27:8 சொல்லும் கட்டளை; அதை நினைத்தால் யோபு செய்தது சிறிய காரியமன்று. மூன்றாவதும் பெண்ணா என்று உறவினர் முகம் சுளித்த அன்று அப்பா இந்த அதிகாரத்தைத்தான் திறந்தாராம்.

பெயரின் பொருள் எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. எபிரெயத்தில் 'கெரென்' என்றால் கொம்பு, 'பூக்' என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை, இடையில் இருப்பது ஆங்கில 'the' போன்ற ஒரு சுட்டுச்சொல். ஆக, மை வைக்கும் கொம்புச் சிமிழ். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் மையை விட்டுவிட்டு, தங்கள் புராணத்தில் வரும் அமல்தேயாவின் வளக்கொம்பு என்று மாற்றிக்கொண்டது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. பொருளளவில் நான் அஞ்சனா என்ற பெயருக்கு அக்காள் முறை.

எங்கள் வீடோ பொட்டும் பூவும் நகையும் மையும் கூடாத பெந்தெகொஸ்தே வீடு. ஒருமுறை தோழியின் மையை வாங்கி இட்டுக்கொண்டு வந்தபோது, வேதாகமத்தின் பொல்லாத அரசி யேசபேல் கண்களுக்கு மையிட்டுப் பலகணிவழியாய் எட்டிப்பார்த்த வசனத்தை (2 இராஜாக்கள் 9:30) அம்மா எனக்குப் படித்துக்காட்டியிருந்தார். அந்த வசனத்தின் மூலத்திலும் இருப்பது இதே 'பூக்' என்று கண்டதும், விடுமுறைக்கு வந்த கையோடு அவரிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, இரண்டு வசனங்களையும் நிதானமாகப் படித்தார்.

"மை கொம்புக்குள்ளேதானே இருக்கிறது, கண்ணில் இல்லையே" என்றார்.