கியூபத் தடையைக் கண்டிக்கும் தீர்மானத்தை நம் சங்கம் ஏற்க வேண்டுமா?

தறிக்காரன்:
பொதுக்குழுவில் கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் கண்டித்துத் தீர்மானம் வருகிறது. எதிர்த்துப் பேசப்போகிறேன். அங்கே சட்டம் ஏற்கும் ஒரே தொழிற்சங்க மையம் சி.டி.சி. அது ஆளுங்கட்சி கிழித்த கோட்டைத் தாண்டாது. தனிச்சங்கம் தொடங்கியவர்களைக் கைது செய்கிறார்கள். சங்கம் வைத்ததற்காக வேலை இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாமா அந்த அரசுக்குத் துணைபோவது?

சிவப்புத்துண்டு:
தோழர், வரைவை இன்னொரு தடவை படியுங்கள். அரசைப் புகழ்ந்து ஒரு வரி இல்லை. 1962 முதல் இருக்கிற தடை இது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, கியூபாவுக்கு வணிகத்துக்காகப் போய்வந்த கப்பல் 180 நாள் அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. எந்தக் கம்பெனி துணிந்து போகும்? 2020இல், கொரோனா நேரத்தில், வென்டிலேட்டர் கொடுத்துவந்த இரண்டு சுவிஸ் நிறுவனங்கள் அமெரிக்கக் கம்பெனி கைக்குப் போனதும் கியூபாவுக்கான விற்பனையை நிறுத்தின. மூச்சுக்குத் தவித்தவன் எந்தக் கட்சி என்று யார் கேட்பது?

தறிக்காரன்:
2000 முதல் அமெரிக்காவிலிருந்தே உணவு வாங்க வழி இருக்கிறது. கோழிக்கறி போய்க்கொண்டுதான் இருக்கிறது. 2021இல் நாணயச் சீர்திருத்தம் என்று இறங்கி விலைவாசியை ஏற்றிவிட்டது ஹவானாதான், வாஷிங்டன் அல்ல.

கடலோடி:
நாணய விஷயத்தில் தறிக்காரன் சொல்வது சரி. கோழிக்கறி விஷயம் பாதிதான். அமெரிக்க விற்பனையாளர் கடன் தரக்கூடாது, பணம் முன்கூட்டியே வேண்டும். 2021 ஜனவரியில் அமெரிக்கா தன் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலில் கியூபாவை மறுபடி சேர்த்தபின், வேறு நாட்டு வங்கிகளும் கியூபப் பணத்தைத் தொட அஞ்சுகின்றன. 2024இல் ஐ.நா. பொதுச்சபையில் 187 நாடுகள் தடைக்கு எதிராக ஓட்டுப் போட்டன. அத்தனையும் கம்யூனிஸ்ட் நாடுகளா?

தறிக்காரன்:
சரி, சங்க உரிமை பற்றி ஒரு வரி சேருங்கள். சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்கான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 87ஆம் உடன்படிக்கையைக் கியூபா 1952இலேயே ஏற்றது. அதை நிறைவேற்றச் சொல்லுங்கள்.

சிவப்புத்துண்டு:
இந்தியா இன்றுவரை அதை ஏற்கவே இல்லை தோழர். இரு அரசுகளையும் சேர்த்துக் கேட்பதென்றால் வழிமொழிகிறேன். ஆனால் 'அதைச் செய்தால்தான் தடையை நீக்கலாம்' என்று எழுதினால் எதிர்ப்பேன். பட்டினி போட்டு உரிமை வாங்கித் தர முடியாது.

தறிக்காரன்:
நிபந்தனை வேண்டாம். ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் என் ஓட்டு எதிராகத்தான்.