சர்க்கரைக் கண்ணுக்கு ஏஐ வந்துவிட்டது, கண் அழற்சிக்கு ஏன் வரவில்லை?

ஜங்ஷன்_மொபைல் (கேள்வி)

வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், வயது 33. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து போர்டு பார்க்கிற வேலை. கொஞ்ச காலமாக வலது கண் திடீர் திடீரென்று சிவந்துவிடுகிறது. பீளை கிடையாது, அரிப்பு கிடையாது. ஆனால் டியூப் லைட்டைப் பார்த்தாலே குத்தும், உள்ளே ஆழத்தில் வலிக்கும். மெடிக்கலில் கேட்டபோது மெட்ராஸ் ஐ என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் பார்த்தபிறகுதான் இது கண்ணுக்குள்ளே வரும் அழற்சி, ‘ஆன்டீரியர் யூவியைட்டிஸ்’ என்றார்கள். ஸ்டீராய்டு சொட்டும் கண்மணியை விரிய வைக்கும் சொட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சரியானது. அப்புறம் மறுபடி வந்தது, அந்தத் தடவை இடது கண்ணில்.

என் குழப்பம் இதுதான். அப்பாவுக்குச் சர்க்கரை. போன மாதம் ஒரு முகாமில் கேமராவில் கண்ணைப் படம் எடுத்தார்கள். ஏஐ பார்த்து, விழித்திரையில் பாதிப்பு இருக்கிறது, டாக்டரிடம் போங்கள் என்று அங்கேயே சீட்டு வந்துவிட்டது. டாக்டரும் அதையேதான் சொன்னார். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கேள்வி மேல் கேள்வி. காலையில் எழுந்தால் இடுப்பு பிடிக்கிறதா, வாயில் புண் வருமா, வீட்டில் யாருக்காவது டிபி உண்டா, ஆற்றில் குளத்தில் குளிப்பீர்களா, மாடு வளர்க்கிறீர்களா. தாமிரபரணி ஓரத்தில் இருந்துகொண்டு ஆற்றில் குளிக்காமல் இருப்பவன் யார்? ரத்தம் எடுத்தாச்சு, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாச்சு, கையில் ஊசி போட்டு டிபிக்கும் பார்த்தாச்சு. கடைசியில் “காரணம் பிடிபடவில்லை, பார்க்கலாம்” என்கிறார்கள்.

என் கண்ணையும் படம் எடுத்துப் போட்டால் என்ன நோய், எதனால் வந்தது என்று ஏஐ சொல்லாதா? இன்னொன்று, கண் சிவந்ததும் பழைய சீட்டைக் காட்டி அதே சொட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் போய் உட்கார முடியவில்லை.

கோடிங்_குமரன்

செல்போனில் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து ஏதாவது ஒரு சாட்பாட்டில் போட்டுப் பாருங்கள் ப்ரோ. என் தங்கச்சி கண்ணில் கட்டி வந்தபோது சரியாகச் சொன்னது. இன்னும் இரண்டு வருடத்தில் இந்த டெஸ்ட் எல்லாம் தேவைப்படாது.

ஓய்வுபெற்ற_கண்உதவியாளர்

தம்பி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். பழைய சீட்டில் ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீர்கள். சிவந்த கண் எல்லாம் போன தடவை வந்த அதே சிவந்த கண் இல்லை. ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியில் கிளை கிளையாகப் புண் வைக்கும். அதுவும் சிவக்கும், அதுவும் வெளிச்சத்தில் கூசும். அதன்மேல் ஸ்டீராய்டு விழுந்தால் புண் பரவிவிடும். நம் பக்கம் இன்னொரு வில்லங்கம், பூஞ்சைப் புண். நெல் அறுக்கும்போது ஒரு தோகை கண்ணில் கிழித்திருக்கும், மெடிக்கலில் வாங்கிய சொட்டில் வலி குறைந்த மாதிரி இருக்கும், ஆள் ஒரு வாரம் கழித்து வரும்போது கருவிழி வெள்ளையாகியிருக்கும். அந்த மாதிரிக் கண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அப்புறம் ஸ்டீராய்டை ரொம்ப நாள் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், அது வலிக்காமலே ஏறும். புரையும் சீக்கிரம் வரும். டக்கென்று நிறுத்தினால் அழற்சி திரும்பவும் கிளம்பும். அதனால்தான் ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து எழுதுகிறார்கள்.

இப்போது ஏஐ. உங்கள் அப்பாவுக்கு வந்தது விழித்திரையில். புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு, மஞ்சளாகக் கொழுப்புப் படிவு, இதெல்லாம் ஒரே படத்தில் பளிச்சென்று விழும். எது லேசு, எது முற்றியது என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட படிநிலை இருக்கிறது. சர்க்கரைக்காரர்களோ கோடிக்கணக்கில், படத்துக்குப் பஞ்சமே இல்லை. 2016இல் கூகுள்காரர்கள் வெளியிட்ட ஆய்வுக்கு 1,28,175 படங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா படங்களும் உண்டு. நம் ஊர் மக்களின் கண்களைப் பார்த்துப் படித்த ஏஐதான் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வருவது கருவிழிக்கும் கண்மணிக்கும் நடுவே இருக்கிற தண்ணீர் அறையில். தாடையை வைத்து உட்காரச் சொல்கிறார்களே, அந்த ஸ்லிட் லேம்ப்பில் ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாக உள்ளே விடுவார்கள். ஓட்டுக்கூரை ஓட்டை வழியாக வரும் வெயிலில் தூசி மிதக்குமே, அதுபோல வெள்ளை அணுக்கள் மிதந்துகொண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் ஒளிச்சதுரத்தில் எத்தனை அணு என்று டாக்டர் கண்ணாலேயே எண்ணுகிறார். 6 முதல் 15 வரை இருந்தால் 1+, 16 முதல் 25 வரை 2+, 50க்கு மேல் போனால் 4+. உங்கள் சீட்டில் இந்தக் கூட்டல் குறி நிச்சயம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். செல்போன் படத்தில் இது எதுவுமே விழாது. சிவப்பு மட்டும்தான் விழும்.

சரி, எண்ணிவிட்டோம் என்றே வையுங்கள். அழற்சி எவ்வளவு என்று தெரிந்தது. எதனால் என்பது அந்தத் தண்ணீரில் எழுதியிருக்காது. 1993 கடைசியில் மதுரைப் பக்கம் வெள்ளம். 1994இல் அரவிந்துக்குக் கண் அழற்சியோடு வந்தவர்கள் கூட்டம் வழக்கத்தைவிட மிக அதிகம். தேடிப் பார்த்ததில் லெப்டோஸ்பைரோசிஸ், எலிக்காய்ச்சல். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நின்றவர்களுக்குக் காய்ச்சல் வந்து போய், மாதக்கணக்கில் கழித்துக் கண்ணில் வந்திருக்கிறது. அன்றைக்கு வெறும் கண்ணைப் படம் எடுத்திருந்தால் அவர்கள் வயலில் தண்ணீர் நின்றது தெரிந்திருக்குமா? நம் கிராமங்களில் குளத்தில் குளிக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் வெள்ளை முடிச்சாக வரும் ஒரு அழற்சி உண்டு. அதற்கு ஒரு தட்டைப்புழு காரணம் என்று கண்டுபிடித்ததும் அதே மதுரையில்தான். உங்களிடம் ஆறு, குளம், மாடு என்று கேட்டதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. வம்புக்குக் கேட்கவில்லை.

பி27_பாலா

இடுப்பு பிடிக்கிறதா என்ற கேள்வியை நான்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வியில் மாட்டியவன் நான். எனக்கும் உங்கள் மாதிரியே ஒரு தடவை இந்தக் கண், ஒரு தடவை அந்தக் கண். காலையில் எழுந்தால் இடுப்பு மரக்கட்டை மாதிரி இருக்கும், நடக்க நடக்க விட்டுவிடும். உட்கார்ந்தே இருந்தால் கூடும். மெத்தையை மாற்றச் சொன்னார்கள், பைக்கை மாற்றச் சொன்னார்கள். கண் டாக்டர் ரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. மூட்டு டாக்டரிடம் அனுப்பினார், இடுப்பு மூட்டு ஸ்கேனில் அழற்சி. முதுகெலும்பு நோயைப் பிடித்துக் கொடுத்தது கண் டாக்டர்!

இதற்கு ஏஐ எல்லாம் வேண்டாம். அயர்லாந்தில் டப்ளினில் 2015இல் ஒரு எளிய விதி போட்டார்கள். இந்த மாதிரி கண் அழற்சி வந்தவருக்கு 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முதுகுவலியோ, டாக்டரைப் பார்க்கும் அளவுக்கு மூட்டுவலியோ உண்டா? உண்டென்றால் பி27 பாருங்கள், இருந்தால் மூட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். ‘காரணம் தெரியாத’ அழற்சி என்று இருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இதுவரை யாரும் கண்டுபிடிக்காத முதுகெலும்பு மூட்டு நோய் இருந்ததாம்.

டிபி டெஸ்ட் வீண் என்று நினைக்காதீர்கள். டிபியே கண்ணில் வரலாம். அது இல்லாவிட்டாலும், பிற்பாடு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அடலிமுமாப் மாதிரி ஊசி தேவைப்பட்டால், உடம்பில் தூங்குகிற டிபி முழித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. போடுவதற்கு முன்னால் எப்படியும் பார்த்தே ஆக வேண்டும்.

கோடிங்_குமரன்

முதுகெலும்பு வரைக்கும் போகும் என்று தெரியாது. ஆனால் ஒன்று. அந்தக் கேள்வி பதில், டெஸ்ட் ரிசல்ட் எல்லாவற்றையும் சேர்த்தே ஏஐக்குக் கொடுக்கலாமே? படம் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

விழித்திரை_வித்யா

கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். நான் கண் படங்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் மாணவி, சிக்கல் எங்கே என்று சொல்கிறேன்.

ஏஐக்குப் பயிற்சி கொடுக்க, இந்த நோயாளிக்கு உண்மையில் இருந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல யாராவது வேண்டும். கருவிழிப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாக்டீரியாவா பூஞ்சையா என்பதைச் சுரண்டி எடுத்து லேபில் வளர்த்தால் தெரிந்துவிடும். மதுரையில் எடுத்த புண் படங்களையும் அந்த லேப் முடிவையும் வைத்துப் பயிற்சி கொடுத்த ஏஐ, படத்தை மட்டும் பார்த்துப் பிரிப்பதில் நிபுணர்களையே தாண்டியது. விடைத்தாள் சுத்தமாக இருந்ததால் அது நடந்தது.

யூவியைட்டிஸில் அந்த விடைத்தாளே தகராறு. சன் என்ற சர்வதேசக் குழு 25 வகை யூவியைட்டிஸுக்கு அடையாள விதிகள் எழுத மெஷின் லேர்னிங்கைப் பயன்படுத்தி 2021இல் வெளியிட்டது. படம் மட்டுமில்லை, குமரன் சொன்ன மாதிரி கதை, பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தான். உலகம் முழுவதிலிருந்தும் 5,766 நோயாளிகளின் விவரம் சேர்த்தார்கள். ஒவ்வொன்றையும் நிபுணர்கள் பார்த்து வாக்களித்து, முக்கால்வாசிக்கு மேல் ஒப்புக்கொண்டால் மட்டும் வைத்துக்கொண்டார்கள். தேறியது 4,046. மீதிப் பேருக்கு எல்லா விவரமும் முன்னால் இருந்தும், இதிலேயே ஊறிய டாக்டர்களுக்குள் அந்த அளவுக்கு உடன்பாடு வரவில்லை. ஜங்ஷன் அண்ணனுக்குப் “பிடிபடவில்லை” என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. தெரிந்த மாதிரி ஒரு பெயரை ஒட்டி அனுப்பியிருந்தால்தான் நான் பயப்படுவேன். அந்த விதிகளும் ஆய்வுக்கு ஒரே மாதிரி ஆட்களைச் சேர்ப்பதற்காக எழுதினவை. உங்களைப் போன்ற ஒருவருக்கு அன்றைக்கே நோயைச் சொல்ல எழுதினவை அல்ல.

சர்க்கரைக் கண் ஏஐயையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 2018இல் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த முதல் தானியங்கிக் கருவி பார்ப்பது சர்க்கரையால் வரும் பாதிப்பை மட்டும்தான். பக்கத்தில் வேறு நோய் இருந்தால் அதைச் சொல்வது அதன் வேலையே இல்லை. தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுளின் ஏஐயை வைத்துப் பார்த்தபோது, 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று அது தள்ளிவிட்டது. கண்மணி நன்றாக விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும், பல இடங்களில் அதற்கு வசதி இல்லை. நெட்டும் மெதுவு. நோயாளிகள் காத்துக்கிடந்தார்கள்.

நம்பிக்கை தருவது அணு எண்ணுகிற வேலை. கண்ணின் முன்பகுதியை ஓ.சி.டி. ஸ்கேன் (ஒளியை வைத்துக் குறுக்குவெட்டாக எடுக்கும் படம்) எடுத்தால் மிதக்கும் அணுக்கள் புள்ளிகளாகத் தெரியும், அதைக் கணினி எண்ணும் ஆய்வுகள் நன்றாகப் போகின்றன. ஒரு டாக்டர் 1+ என்பதை இன்னொருவர் 2+ என்று எழுதும் தொல்லை குறையும். அடுத்த வரவில் அழற்சி கூடியதா குறைந்ததா என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தால், மருந்தைக் குறைக்கிற முடிவு எளிது. காரணத்தைச் சொல்லும் ஏஐயைவிட இதுதான் முதலில் கிளினிக்குக்கு வரும் என்பது என் கணிப்பு.

ஜங்ஷன்_மொபைல்

அனைவருக்கும் நன்றி. சீட்டை எடுத்துப் பார்த்தேன் அம்மா, “செல்ஸ் 2+” என்று இருக்கிறது. டாக்டர் கையெழுத்தில் எனக்குப் புரிந்த முதல் எழுத்து அதுதான். பாலா சொன்ன மாதிரி காலையில் இடுப்பு பிடிப்பு எனக்கும் கொஞ்சம் உண்டு. குனிந்தே வேலை பார்ப்பதால் என்று நினைத்து, கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த தடவை சொல்லி பி27 பற்றிக் கேட்கிறேன்.

ஒரு நடைமுறைச் சந்தேகம். அந்தக் கண்மணி விரிக்கும் சொட்டைப் போட்டால் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுமே தெரிவதில்லை. ஸ்டீராய்டு மட்டும் போட்டுக்கொண்டு அதை விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற_கண்உதவியாளர்

விடாதீர்கள் தம்பி. அழற்சி இருக்கும்போது கண்மணியின் ஓரம் பின்னால் இருக்கிற லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றி முழுக்க ஒட்டிவிட்டால் உள்ளே தண்ணீர் ஓட வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். ஒட்டாமல் இருக்கத்தான் அந்தச் சொட்டு, வலியும் அதில்தான் குறையும். உங்கள் வேலையைச் சொல்லி, இரவில் மட்டும் போட்டால் போதுமா, சீக்கிரம் தெளியும் வகை உண்டா என்று டாக்டரிடமே கேளுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு நீங்கள் மைக்ரோஸ்கோப் பார்க்கிறவர் என்று எப்படித் தெரியும்?

இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் எந்தக் கண், என்று தொடங்கியது, என்ன சொட்டு, எப்போது நிறுத்தினீர்கள், அந்த வாரம் காய்ச்சல், மூட்டுவலி, வாய்ப்புண் ஏதாவது இருந்ததா என்று போனிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வையும் மங்கினால் அன்றைக்கே போய்விடுங்கள். அன்றைக்குக் கடை பூட்டித்தான் ஆக வேண்டும்.